"காத்து குடுக்குற செடி இருக்க, பம்ப்பு எதுக்கு?" - பாம்புச் செடியும் எங்கள் ஆயாவும்!

'படுக்கையறையில் இந்த ஒரு செடி போதும்... ராத்திரி முழுக்க ஆக்சிஜன்!' - இப்படியொரு வீடியோ உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்திருக்கும். கத்தி மாதிரி நிமிர்ந்து நிற்கும் இலை, ஓரத்தில் மஞ்சள் கோடு, நடுவில் பாம்புத் தோல் போல வரிவரியாகப் பச்சை. ஸ்நேக் பிளான்ட், பாம்புச் செடி, மாமியார் நாக்கு என்று இதற்குப் பல பெயர்கள். வங்கி, துணிக்கடை, பல் டாக்டர் கிளினிக் எங்கு போனாலும் ஒரு மூலையில் நிற்கிறது.

மதகடிப்பட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இந்தச் செடி அழகுக்காக வரவில்லை. மருந்தாக வந்தது.

ஆயாவுக்குப் பல வருஷமாக வீசிங். தினமும் காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை இன்ஹேலர் இழுக்க வேண்டும். ஆயா அதைப் 'பம்ப்பு' என்பார். வீடியோவைப் பார்த்த மாமா, சென்னையிலிருந்து வரும்போது நான்கு தொட்டிகளை வாங்கி வந்து ஆயாவின் கட்டிலைச் சுற்றி வைத்துவிட்டார். அவ்வளவும் பாசம்தான். குறை சொல்ல முடியாது.

செடியைப் பார்த்ததும் ஆயா சொன்னார்: "இது நம்ம மருளு மாதிரி இல்ல கீது? வேலி ஓரமா கெடக்கும். நாரெடுத்து கயிறு திரிப்பாங்க. இதைப் போயி காசு குடுத்து வாங்கியாந்தியா?"

ஆயா சொன்னது சரிதான். கடைகளில் விற்கும் பாம்புச் செடி மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அதன் நெருங்கிய சொந்தம்தான் நம் பக்கத்து மருள். மரல் என்ற பெயரில் சங்கப் பாடல்களிலேயே வருகிறது. அதன் நார் வில்லுக்கு நாணாகவும் கயிறாகவும் பயன்பட்டது. செவ்வாய்க்கிழமைதோறும் மாட்டுச் சந்தை கூடும் ஊரில் வளர்ந்த ஆயாவுக்கு, செடியைப் பார்த்ததும் கயிறு ஞாபகம் வந்ததில் ஆச்சர்யமில்லை. பல காலம் 'சான்செவியேரியா' என்ற பேரினப் பெயரோடு இருந்த இந்தச் செடிகளை, 2017-ல் 'டிரசீனா' என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஆயா பம்ப்பை நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. பத்தாவது நாள் ராத்திரி ஒரு மணிக்கு மூச்சு இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை முழுதாகப் பேச முடியவில்லை. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போய், மாஸ்க் மாட்டி மருந்துப் புகை கொடுத்த பிறகுதான் நெஞ்சு தணிந்தது. காலையில் நான் கேட்டேன், "ஏன் ஆயா நிறுத்துன?"

"காத்து குடுக்குற செடி நாலு நிக்குது. அப்புறம் பம்ப்பு எதுக்குடி?"

டாக்டர் பொறுமையாக விளக்கினார். தினமும் இழுக்கும் இன்ஹேலர் மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தைக் குறைத்து வைக்கிறது. 'இப்போ நல்லாத்தானே இருக்கு' என்று நிறுத்தினால், வீக்கம் சத்தமில்லாமல் திரும்பி வரும். பக்கத்தில் எத்தனை செடி இருந்தாலும் அந்த வீக்கத்தைத் தொடாது.

அப்படியானால் அந்த ஆக்சிஜன் கதை எங்கிருந்து வந்தது? செய்தி எழுதுவது என் வேலை என்பதால் தேடிப் படித்தேன்.

பாம்புச் செடி வறட்சிக்குப் பழகியது. பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் உடம்புத் தண்ணீர் ஆவியாகிவிடும் என்பதால், இரவில்தான் திறக்கும். அப்போது கார்பன் டை ஆக்சைடை இழுத்து அமிலமாகச் சேமித்து வைக்கும். பகல் வெளிச்சம் வந்ததும் அதைக்கொண்டு உணவு தயாரிக்கும். ஆக்சிஜன் உருவாவது அந்த வெளிச்சத்து வேலையில்தான். 'இரவில் இலைத்துளை திறக்கிறது' என்ற உண்மை, கைமாறிக் கைமாறி 'இரவில் ஆக்சிஜன் தருகிறது' என்று ஆகிவிட்டது.

'நாசாவே சொல்லிவிட்டது' என்பதும் பாதிக்கதை. 1989-ல் நாசா ஒரு ஆய்வு வெளியிட்டது உண்மை. பாம்புச் செடி உட்பட சில செடிகளை மூடி அடைத்த சின்னப் பெட்டிகளில் வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற வாயுக்கள் குறைகின்றனவா என்று பார்த்தார்கள். குறைந்தது. ஆனால், நம் வீடு மூடிய பெட்டி அல்ல. 2019-ல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட பழைய ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு கட்டடத்தில் இயல்பாகக் காற்று வந்து போவதற்கு ஈடாகச் செடிகள் வேலை செய்ய, ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டுமாம். ஆயாவின் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, அதாவது சுமார் 11 சதுர மீட்டர். குறைந்தபட்சக் கணக்கிலேயே 110 செடிகள். செடியை வைத்தால் ஆயாவுக்குப் படுக்க இடம் இருக்காது!

அந்த அறையில் நிஜமாகவே மாற்ற வேண்டியவை வேறு இருந்தன. கொசுவத்திச் சுருளுக்குப் பதில் கொசுவலை வந்தது. சாம்பிராணி புகையைக் கூடத்தோடு நிறுத்தினோம். பூட்டியே கிடந்த ஜன்னலைத் திறந்தோம். செடிகளும் கட்டிலடியிலிருந்து ஜன்னலோரத்துக்கு மாறின.

செடி மேல் கோபமில்லை. வேலைக்குப் போகிறவர்கள், வாரக்கடைசியில்தான் வீட்டைப் பார்க்கிறவர்கள் வளர்க்க இதைவிடச் சாதுவான செடி கிடைக்காது. எங்கள் அனுபவத்தில் பலன் தந்தவை இவை:

தண்ணீர்: இதைக் கொல்வது பெரும்பாலும் நம் அக்கறைதான். விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் தண்ணீர் வேண்டாம். கோடையில் 10 நாளுக்கு ஒரு முறை, மற்ற நாளில் 15 - 20 நாளுக்கு ஒரு முறை போதும். அடி இலை கொழகொழவென்று மஞ்சளாகிச் சாய்ந்தால், வேர் அழுகுகிறது என்று அர்த்தம்.

தொட்டி: அடியில் ஓட்டை கட்டாயம். செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் அரைப் பங்கு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாசலில் விடாமல் உள்ளே எடுத்துவிடுங்கள்.

வெளிச்சம்: நிழலிலும் உயிரோடு இருக்கும். ஆனால், ஜன்னல் வெளிச்சத்தில்தான் நன்றாக வளரும். இலையில் படியும் தூசியை மாதம் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்து விடுங்கள்.

புதுச்செடி: இலையை நான்கு அங்குலத் துண்டாக வெட்டி, இரண்டு மூன்று நாள் காயவிட்டு, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி நட்டால் மெதுவாக வேர் விடும். ஆனால், மஞ்சள் ஓர ரகத்தில் இப்படி வருவது வெறும் பச்சையாகத்தான் இருக்கும். மஞ்சள் கோடு வேண்டுமென்றால், பக்கக்கன்றை வேரோடு பிரித்து நட வேண்டும்.

எச்சரிக்கை: இலையில் சபோனின் என்ற பொருள் உண்டு. நாயோ பூனையோ மென்றால் வாந்தி வரும். தவழும் குழந்தைக்கும் எட்டக்கூடாது. மற்றபடி, பெயரில்தான் பாம்பு. இந்தச் செடி பாம்பை அழைப்பதும் இல்லை, விரட்டுவதும் இல்லை.

இப்போது பக்கத்து வீட்டு அத்தைகள் கன்று கேட்டு வருகிறார்கள். ஆயாதான் பிரித்துக் கொடுக்கிறார். "ராத்திரி காத்து குடுக்குமாமே?" என்று யாராவது கேட்டால், "காத்து ஜன்னல்ல வரும். இது சும்மா அழகுக்கு" என்று சொல்லி அனுப்புகிறார்.

செடிக்குத் தண்ணீர் மாசத்துக்கு இரண்டு தடவை. பம்ப்பு தினமும் இரண்டு தடவை. இரண்டுக்கும் காலண்டரில் டிக் அடிப்பது ஆயாவேதான்.