விலாசமும் பெயரேடும்

மடுல்கெல்லையில் கடிதம் என்பது நேராக வீடு வந்து சேரும் பொருளாக ஒருபோதும் இருந்ததில்லை. கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக நக்கிள்ஸ் மலையை நோக்கி ஏறும் பாதையின் இருமருங்கிலும் உள்ள தோட்டங்களில், லயத்துக் காம்பராக்கள் மிகப் பலவற்றுக்குத் தனி விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயரே நூற்றுக்கணக்கானோரின் விலாசம். தப்பால்காரர் சுமந்து வரும் பை தோட்டத்து ஆபீசில் இறங்கும். அதன் பின்னர் எல்லாம் கிளாக்கரின் ஓய்வையும் மனத்தையும் பொறுத்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் நீலகிரிக்குப் போய்ச் சேர்ந்த உறவினர் எழுதிய கடிதங்களும் இந்த மேசையைத் தாண்டியே வந்தன. தமையனின் மரணச் செய்தி கருமாதியும் முடிந்த பிறகே கைக்குக் கிடைத்தது என்று சொல்லும் முதியவர் எங்களிடையே இருக்கிறார்.

இந்த ஆபீஸ் மேசையைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி வேண்டும் என்றுதான், மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியரும் பழைய மாணவருமாகிய நாங்கள் சிலர் சேர்ந்து, மின்னஞ்சல் வழங்கியொன்றை நாங்களே நிறுவி நடத்தத் துணிந்தோம். வாசகர் நகைக்கலாம். பெருங் கொம்பனிகள் இலவசமாகவே அஞ்சற் பெட்டி தருகின்றனவே, இவர்களுக்கு ஏன் இந்த வீண் வேலை? காரணம் உண்டு. ஒரு குடும்பத்துக்கு ஒரு கைப்பேசி. அதன் இலக்கமோ அடிக்கடி மாறும். கடவுச்சொல்லை மறந்த பிள்ளை பழைய இலக்கத்துக்கு வரும் குறியீட்டைக் காட்டினாலன்றிக் கணக்கு திறவாது. அவ்வாறு பூட்டுண்டு போன பெட்டிகளைக் கண்டு சலித்தோம். எங்கள் வழங்கியிலோ பிள்ளை நேரில் வந்து நின்றால் போதும். முகத்தை நாங்கள் அறிவோம். 60 பிள்ளைகளுக்குப் பெட்டி திறந்தோம். தோட்டத்தின் பெயர் கலவாத, தன் பெயரே விலாசமான ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை.

வழங்கியின் அமைப்பைச் சிறிது சொல்ல வேண்டும். கடிதம் வந்ததும் வாயிலில் நின்று வாங்குவது போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் நிரல். இன்னார் இங்கே இருக்கிறாரா என்று அது கேட்டறிவது ஒரு தரவுத்தளத்திடம். அதுதான் எங்கள் பெயரேடு. பிள்ளைகள் பெட்டியைத் திறந்து படிக்க உதவுவது டவ்கொட் என்னும் இன்னொரு நிரல். அதுவும் அதே பெயரேட்டைத்தான் புரட்டுகிறது. பெயரேட்டுக்குப் போகும் வழி அடைபட்டால் வாயிற்காவலன் கடிதத்தைக் கிழித்தெறிவதில்லை. “இப்போது பார்க்க முடியவில்லை, பிறகு வா” என்று திருப்பி அனுப்புவான். அனுப்பியவரின் வழங்கி அதை வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் வந்து தட்டும். வழக்கமாக ஐந்து நாள் வரை தட்டும்; அதன் பின்னரே கைவிடும்.

2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வந்தது. மாதத் தொடக்கத்தில் டொலரொன்று 200 ரூபாவை அடுத்திருந்தது. மாத முடிவில் 300ஐ நெருங்கிவிட்டது. கடல் கடந்து வாடகைக்கு எடுத்திருந்த எங்கள் சிறு கணினிக்கு டொலரிலேயே பணம் கட்டினோம். கட்ட இயலாமல், அதனினும் சிறிய, மலிவான கணினியொன்றுக்கு 25ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை எல்லாவற்றையும் மாற்றினோம். சோதனைக்காகப் பழைய கடிதங்களைத் திறந்து பார்த்தோம், திறந்தன. மனநிறைவோடு வீடு சென்றோம்.

சனியும் ஞாயிறும் ஒரு கடிதமும் வரவில்லை. விடுமுறை என்று நினைத்தோம். திங்களன்று கொழும்பிலிருந்து பழைய மாணவரொருவர் தொலைபேசியில், “சேர், மூன்று நாளாக அனுப்புகிறேன், பதிலே இல்லையே” என்றார். அதன் பின்னரே விழித்தோம். விழித்தும் என்ன? அந்த மாத முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. மின்சாரம் போனால் சிறிது நேரத்தில் கைப்பேசிக் கோபுரமும் அடங்கிவிடும். கணினி கடலுக்கு அப்பால் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அதன் சாவி மட்டும் இருட்டிலே கிடந்தது.

வெளிச்சம் வந்த வேளையெல்லாம் தேடினோம். பதிவுக் கோப்பில், பெயரைத் தேடுவதில் தற்காலிகத் தோல்வி என்ற ஒரே வரி மறுபடியும் மறுபடியும் நின்றது. சிறிய கணினியல்லவா, நினைவகம் போதாமல் இயங்குதளமே தரவுத்தளத்தைக் கொன்றிருக்கும் என்று முதலில் முடிவு கட்டினோம். இது பலருக்கும் நேர்வதுதான். ஆனால் தரவுத்தளம் உயிரோடுதான் இருந்தது. ஒரே வேளையில் ஏற்கும் இணைப்புகளின் எல்லையாகிய 151ஐத் தாண்டிவிட்டதோ என்று ஐயுற்று அதை உயர்த்தினோம், பயனில்லை. கடவுச்சொல்லை மாற்றினோம், பயனில்லை. வியப்பு யாதெனில், டவ்கொட் வழியே பழைய கடிதங்கள் தடையின்றித் திறந்தன. நாங்களே கட்டளையிட்டு ஒரு பெயரைத் தேடினால் உடனே விடையும் வந்தது. எல்லாம் சரியாயிருக்கிறது, கடிதம் மட்டும் வரவில்லை! தோட்டத்து ஆபீசில் கேட்டால் கிடைக்கும் பதிலும் ஏறக்குறைய இதுவே என்று எங்களுள் ஒருவர் கசப்போடு சொன்னார்.

விடையைக் கண்டவர் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த ஒரு பழைய மாணவி. “சேர், நீங்கள் வெளியே நின்று கேட்கிறீர்கள். காவலன் எங்கே நிற்கிறானோ அங்கிருந்து கேட்டுப் பாருங்கள்” என்றார்.

போஸ்ட்ஃபிக்ஸின் வாயிற்பகுதி, எங்களிடமிருந்த பதிப்பில், பாதுகாப்புக் கருதித் தனியறை ஒன்றில் பூட்டப்பட்டிருக்கும். திருடன் காவலனை ஏமாற்றினாலும் வீட்டினுள் புகாதிருக்க இந்த ஏற்பாடு. காவலனுக்கு அந்த அறையே உலகம். பழைய கணினியில் தரவுத்தளத்தின் இருப்பிடத்தை 127.0.0.1 என்று இலக்கத்தில் எழுதியிருந்தோம். புதியதில், பார்க்க நன்றாயிருக்கட்டும் என்று ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று பெயரில் எழுதினோம். மனிதருக்கு இரண்டும் ஒன்றே: இதே கணினி என்று பொருள். மைஎஸ்கியூஎல் வகைத் தரவுத்தளத்துக்கோ அவை வெவ்வேறு. இலக்கத்தை எழுதினால் வலையமைப்பின் வழியே பேசும்; அறைச்சுவர் அதைத் தடுப்பதில்லை. பெயரை எழுதினால் வலையமைப்பை விட்டு, வீட்டினுள் ஓரிடத்திலுள்ள சிறு கதவொன்றைத் தேடும். பூட்டிய அறைக்குள் அந்தக் கதவு இல்லை. டவ்கொட்டும் நாங்களும் அறைக்கு வெளியே நின்றோம். கதவு எங்களுக்குத் தெரிந்தது. காவலனுக்குத் தெரியவில்லை.

ஒரு சொல். அதை மாற்றியவர் யார் என்பதை எங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறோம். இந்த நுணுக்கம் போஸ்ட்ஃபிக்ஸின் கைந்நூலில் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஐவரில் ஒருவரும் அதைப் படித்திருக்கவில்லை. மைஎஸ்கியூஎல்லைச் சன் கொம்பனி 2008இல் வாங்கியதையும், 2010இல் அது ஒரக்கிள் கைக்குப் போனதையும், அதை ஆக்கியவருள் ஒருவரே பிரிந்து சென்று மரியாடிபி என்ற பொதுவுடைமை வழியைத் திறந்ததையும் வகுப்பிலே உற்சாகமாகப் பேசியவர்கள் நாங்கள். உடைமையைப் பற்றிப் பேசுவது எளிது. கைந்நூல் படிப்பது அத்துணை எளிதன்று.

29ஆம் திகதி செவ்வாய் இரவு இலக்கத்தைத் திரும்ப எழுதிச் சேவையை மீளத் தொடங்கினோம். வெளியே காத்திருந்த கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்து விழலாயின. ஒன்றும் தொலையவில்லை. விடியுமுன் எல்லாம் வந்துவிடும் என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம்.

வந்தவற்றுள் ஒன்று, கொழுந்து பறிக்கும் தாயொருவரின் மகளுக்குரியது. கண்டியில் ஒரு பயிற்சி நெறிக்கு நேர்முகத் தேர்வு. செவ்வாய் காலை ஒன்பது மணி. சனிக்கிழமை அனுப்பியிருந்தார்கள். மறுநாள் நாங்களே தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னோம். பட்டியல் முடிந்துவிட்டது, அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கட்டும் என்றார்கள். அவர்கள்மேற் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. விண்ணப்பத்தில் தோட்டத்து விலாசத்தைப் போடாதே, ஆபீசில் கிடந்து போகும், எங்கள் மின்னஞ்சலைப் போடு என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னவர்கள் நாங்கள்தாம். செய்தி கிளாக்கரின் காதுக்கும் எட்டியது. “என்னிடம் வந்திருந்தால் ஞாயிறன்றே கொடுத்திருப்பேன்” என்றாராம். கொடுத்திருக்கவும் கூடும்.

லயத்துக்குப் போய் நாங்கள் செய்தியைச் சொன்னபோது தாய் ஒன்றும் பேசவில்லை. தேநீர் கொண்டுவந்து வைத்தார். பொறியின் அறை, கதவு, இலக்கம் எல்லாவற்றையும் விளக்கத் தொடங்கினோம். அந்தப் பிள்ளை பாதியிலே தடுத்தார்.

“அடுத்த வருசம் ரெண்டு விலாசத்தையும் போடுறேன் சேர். ஆபீசையும் போடுறேன், நம்மளையும் போடுறேன்.”