மூலிகையும் முறையும்

இளமையில் மனிதன் உடலை ஏவுகிறான். நாற்பதைக் கடந்தபின் உடல் அவனை ஏவத் தொடங்குகிறது. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, முழங்கால் வலி, வயிற்றுப் புளிப்பு என ஏதேனும் ஒன்று வந்து சேர்கிறது. காய்ச்சல் வந்தால் சில நாளில் நீங்கும். இவையோ விருந்தினராக வந்து வீட்டாராகவே தங்கிவிடுகின்றன. "இந்த மாத்திரையை எத்தனை நாள் சாப்பிட வேண்டும்?" என்று கேட்கிறோம். "வாழ்நாள் முழுவதும்" என்று மருத்துவர் விடையிறுக்கிறார். அந்த ஒரு விடைதான் நடுவயதினர் பலரை இயற்கை மருத்துவத்தின் வாயிலுக்கு அனுப்பிவைக்கிறது.

இந்த நாட்டத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. வாழ்நாள் முழுவதும் ஒரு மாத்திரைக்கு அடிமையாக இருக்க யாருக்குத்தான் விருப்பம்? நம் கொல்லையில் முளைக்கும் செடியில் நம் நோய்க்கு மருந்திருக்கும் என்று நம்புவதில் மனத்துக்கு ஓர் ஆறுதலும் உண்டு. நோயைத் தந்தவன் அதற்குரிய மருந்தையும் படைத்திருக்கிறான். ஆகவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பதே நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டிய நெறியாகும். கேள்வி ஒன்றுதான்: தேடுவதை எம்முறையில் தேடுவது?

எனக்கு நாற்பத்தேழாம் வயதில் நீரிழிவு இருப்பதாகத் தெரிந்தது. செய்தி பரவிய ஒரு வாரத்திற்குள் வீடு மூலிகைப் பண்டசாலையாயிற்று. மாமியார் வெந்தயத்தை ஊறவைத்தார்கள். பக்கத்து வீட்டார் நாவற்கொட்டைப் பொடி தந்தனர். பள்ளிவாசலில் ஒரு பெரியவர் கருஞ்சீரகத்தின் சிறப்பை எடுத்துரைத்தார். உடன் பணியாற்றும் பேராசிரியர் ஒருவர் சிறுகுறிஞ்சான் இலையைக் கொண்டுவந்து மெல்லச் சொன்னார். மென்றபின் சர்க்கரையை நாவிலிட்டால் மணலைப் போலச் சுவையற்றிருந்தது. ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்னும் பழமொழியைச் சொல்லாதவர் எவருமிலர். அத்தனை பேரின் அன்பும் உண்மையானது. ஆனால் எதை, எவ்வளவு, எத்தனை நாள், எந்த மாத்திரையோடு சேர்த்து உண்பது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

தமிழ் பயிற்றுவிக்கும் எனக்கு இவ்விடத்தில் நம் இலக்கியங்களே முதலில் துணைக்கு வந்தன. பதினெண்கீழ்க்கணக்கில் மூன்று நூல்கள் மருந்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர்களால் ஆனது சிறுபஞ்சமூலம். ஏலாதியோ இன்னும் நுட்பமானது. ஏலம் ஒரு பங்கு, இலவங்கம் இரண்டு, சிறுநாவற்பூ மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு என்று அதன் விகிதம் கூறப்படுகிறது. பொருள்கள் ஆறும் இருந்தாலும் பங்கு பிறழ்ந்தால் அது ஏலாதி ஆகாது. மருந்து என்ற சொல்லோடு அளவு என்ற சொல்லையும் நம் முன்னோர் சேர்த்தே எண்ணினர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

திருக்குறளின் 95ஆம் அதிகாரத்தின் பெயர் 'மருந்து'. அதிலுள்ள பத்துக் குறள்களையும் தேடிப் பாருங்கள். ஒரு மூலிகையின் பெயரும் இராது. முன்னர் உண்டது செரித்ததை அறிந்து உண்க, அளவறிந்து உண்க, உடலுக்கு ஒவ்வாததை விலக்குக என்பனவே அவற்றுள் பெரும்பகுதி. எஞ்சியவை, நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்க, நோயாளியின் நிலையையும் காலத்தையும் கருதுக என்று மருத்துவனுக்கு உரைப்பவை. வள்ளுவப் பெருந்தகை நமக்குத் தந்த மருந்து ஒழுங்கு ஒன்றே.

நம் முன்னோர் போற்றிய யூனானி மருத்துவமும் இதையே வேறு மொழியில் சொல்கிறது. காற்று, உணவும் நீரும், உடலின் உழைப்பும் ஓய்வும், மனத்தின் கிளர்ச்சியும் அமைதியும், உறக்கமும் விழிப்பும், கழிவு நீங்குதலும் சத்துத் தங்குதலும் என்னும் ஆறும் சீராக இருந்தால்தான் உடல் நலம் பெறும் என்பது அதன் அடிப்படை. உணவை நெறிப்படுத்தும் சிகிச்சையும் வாழ்க்கை முறையை நெறிப்படுத்தும் சிகிச்சையும் அதில் மருந்துக்கு நிகரான இடம் பெற்றவை. இப்னு ஸீனா (980–1037) தம் 'அல்-கானூன் ஃபித் திப்' என்னும் பெருநூலில் மருந்துகளைச் சோதிக்கும் விதிகளையும் வகுத்துத் தந்தார். ஒரு முறை கண்ட பலனை நம்பிவிடலாகாது. விலங்குக்குப் பொருந்தியது மனிதனுக்கும் பொருந்தும் என்று கொள்ளலாகாது என்பன அவற்றுட் சில. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டவை இவை!

அந்த மரபின் தொடர்ச்சியை அண்மைக் காலத்திலும் காணலாம். தில்லியில் ஹக்கீம் அஜ்மல் கான் நிறுவிய ஆயுர்வேத யூனானி திப்பிய்யாக் கல்லூரியை 1921இல் காந்தியடிகள் திறந்து வைத்தார். அஜ்மல் கானின் ஆதரவைப் பெற்ற வேதியியல் அறிஞர் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி, 1931இல் சர்ப்பகந்தா வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, நன்றியின் அடையாளமாக 'அஜ்மலின்' என்று அதற்குப் பெயரிட்டார். அது இதயத் துடிப்பைச் சீராக்கும் மருந்தாயிற்று. அதே வேர் இரத்தக் கொதிப்பைத் தணிப்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் எழுதி உலகறியச் செய்தார். 1952இல் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. பின்னர் அம்மருந்து சிலருக்கு மனச்சோர்வைத் தருவதும் அறியப்பட்டு, அதன் பயன்பாடு குறைந்தது. வேரின் வலிமையும் உண்மை. அதன் தீங்கும் உண்மை. இரண்டையும் அளந்து பார்த்ததாலேயே அறிந்தோம்.

'ஆங்கில மாத்திரை' என்று நாம் அஞ்சும் மெட்ஃபார்மினுக்கும் ஒரு மூலிகை மூதாதை உண்டு. ஐரோப்பாவில் வளரும் கலேகா என்னும் செடியில் உள்ள பொருளை ஆராய்ந்த வழியில் பிறந்ததே அது. 1922இல் முதன்முதலாக ஆக்கப்பெற்று, 1957 முதல் நீரிழிவுக்கு வழங்கப்படுகிறது. ஆகவே இலைக்கும் மாத்திரைக்கும் இடையே நாம் எண்ணுகின்ற பகை உண்மையில் இல்லை.

இதை அறியாமல் போனால் என்ன நேரும் என்பதை என் குடும்பத்திலேயே கண்டேன். என் பெரியம்மாவின் மூத்த மகனார், எங்கள் வழக்கில் காக்கா, எட்டாண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை உண்டு வந்தவர். ஊர் ஊராக முகாம் நடத்தும் ஒருவர், நாற்பத்தெட்டு நாள் தம் பொடியை உண்டால் நோய் வேரோடு போய்விடும். மாத்திரையை இன்றே நிறுத்திவிடலாம். பரிசோதனையும் வேண்டாம் என்றார். காக்கா நிறுத்தினார்கள். நான்காம் மாதம் காலில் ஒரு சிறு புண். உணர்ச்சி குன்றிய பாதம் ஆதலால் வலி தெரியவில்லை. தெரிந்தபோது இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. மருத்துவமனையில் நான் பார்க்கச் சென்றபோது, "தம்பி, அந்தப் பொடி வாயில் கசந்தது, 'இனி ஒன்றும் பார்க்க வேண்டாம்' என்று அவர் சொன்ன சொல்தான் இனித்தது" என்றார்கள். அச்சொல்லை இன்றளவும் நான் மறக்கவில்லை.

நான் பணியாற்றும் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் நடைபெற்று வருகிறது. முறையாகப் பயின்ற சித்த மருத்துவரிடம் நான் சென்றபோது, அவர் முதலில் கேட்டது என் இரத்தப் பரிசோதனைத் தாளைத்தான். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. ஆவாரைக் குடிநீர் எழுதித் தந்தார். சிறுகுறிஞ்சானும் பாகற்காயும் மாத்திரையோடு சேரும்போது சர்க்கரை அளவு மிகத் தாழவும் கூடும் என்று எச்சரித்து, மூன்று மாதத்திற்கு ஒரு முறை சராசரிச் சர்க்கரையைப் பார்க்கச் சொன்னார். சுபுஹுத் தொழுகைக்குப்பின் ஒரு மணி நேரம் நடந்தேன். சோற்றைப் பாதியாக்கிக் காய்கறியைக் கூட்டினேன். 8.6 ஆக இருந்த அந்தச் சராசரி ஓராண்டில் 7.1 ஆயிற்று. இதில் இலைக்கு எவ்வளவு பங்கு, நடைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. மாத்திரை இன்றும் தொடர்கிறது. அதன் எண்ணிக்கை மட்டும் கூடவில்லை. அதுவே எனக்குப் பெரும்பேறு.

நம் பகுதியினர் மனத்திற்கொள்ள வேண்டிய சில செய்திகள் உள. உடன்குடிக் கருப்பட்டி மணமானது. ஆயினும் அதுவும் இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்துவதே. தேனில் நோய் தீர்க்கும் தன்மையுண்டு என்பது திருமறை தரும் செய்தி. அதற்காக நீரிழிவாளர் அதை அளவின்றி உண்ணலாம் என்பது பொருளன்று. இந்துப்பும் பெரும்பாலும் சாதாரண உப்பே. இருமலுக்கு நல்லதாகிய அதிமதுரம், நாள்தோறும் மிகுதியாக உண்டால் இரத்தக் கொதிப்பை உயர்த்தும். மூலிகை என்று விற்கப்பட்ட பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டும் நீரிழிவு மாத்திரையின் தூளும் கலந்திருந்தமை சோதனைகளில் வெளிப்பட்டதுண்டு. நீரிழிவையும் இரத்தக் கொதிப்பையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் தடைசெய்கிறது. ஆகவே அத்தகைய விளம்பரத்தைக் கண்டால் அதுவே நமக்கு முதல் எச்சரிக்கை.

நம் அன்றாட வணக்கத்திலும் ஒரு நல்வாய்ப்பு அமைந்திருக்கிறது. ஒளுச் செய்யும்போது நாள்தோறும் பாதங்களைக் கழுவுகிறோம். அப்போது ஒரு கணம் குனிந்து விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் பார்த்து, ஈரத்தைத் துடைத்துவிட்டால் காக்காவுக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேராது. நோன்பு நாட்களில், பிணியாளருக்கு இறைவனே சலுகை அளித்திருக்கிறான். நோன்பு வைக்கலாமா, மாத்திரையை எந்நேரத்திற்கு மாற்றுவது என்பவற்றை ரமலானுக்கு முன்னரே மருத்துவரிடம் கேட்டறிதல் நலம்.

தமிழ்த்துறை மாணவச் செல்வங்களுக்கும் இதில் ஒரு பணி காத்திருக்கிறது. 'பிரமி' என்னும் பெயரால் ஓரிடத்தில் வல்லாரையையும் வேறோரிடத்தில் நீர்ப்பிரமியையும் குறிக்கின்றனர். பெயர் மாறினால் செடி மாறும். செடி மாறினால் பலனும் மாறும். சுவடிகளிலுள்ள மூலிகைப் பெயர்களைத் தாவரவியல் துறையினரோடு அமர்ந்து சரிபார்ப்பது, மொழிக்கும் மக்களுக்கும் ஒருங்கே செய்யும் தொண்டாகும்.

மருந்து கால், மதி முக்கால் என்பர். மூலிகையை நாடுவோம், கற்றறிந்தவரிடம் நாடுவோம். உண்பதைச் சொல்லி உண்போம். அளந்து பார்த்துத் தொடர்வோம். வல்ல இறைவன் நம் அனைவருக்கும் நோயற்ற வாழ்வையும், நோய் வந்தவிடத்து நேரிய வழியைத் தேடும் நல்லறிவையும் நல்கியருள்வானாக! ஆமீன்.