இரவல்

அக்கா மகள் பெங்களூரிலிருந்து வந்திருந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு மேசை அவளுக்குத்தான். சி மொழியில் எழுதிய நிரலைப் பைத்தானிலிருந்து அழைக்க ஓர் இடைமுகம் எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு மொழிகள் என்றதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. மொழிபெயர்ப்பு மாதிரியா என்று கேட்டேன்.

"இல்ல சித்தி. எண்ணுன்னா நகலெடுத்துக் குடுத்துடலாம். ஆப்ஜெக்ட் இருந்த இடத்துலயே இருக்கும், அதோட முகவரிதான் அந்தப் பக்கம் போகும். அப்புறம் அது யாருக்குச் சொந்தம்ங்கிறதுதான் தகராறு."

ஆப்ஜெக்டைப் பாடநூல்கள் 'பொருள்' என்கின்றன. அர்த்தமும் பொருள்தான், சொத்தும் பொருள்தான். தமிழ் படித்தவளுக்கு இது போதும், கிட்டப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

பைத்தானில் ஒவ்வொரு பொருளும் தன்னை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று கணக்கு வைத்திருக்கிறது. கணக்கு சுழியானால் பொருள் அழியும். பைத்தானுக்குள் இது தானாக நடக்கும். சி பக்கம் இருப்பவர் கையால் கூட்டிக் குறைக்க வேண்டும். கூட்ட மறந்தால் பயன்படுத்தும்போதே பொருள் காணாமல் போகலாம். குறைக்க மறந்தால் நினைவகத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும். அதனால் கொடுக்கப்படுவது சொந்தமா இரவலா என்று கையேட்டில் எழுதியே வைத்திருக்கிறார்கள். பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்துத் தரும் பழைய செயற்கூறு இரவலாகத்தான் தரும். பட்டியல் கைவிட்டால் நம்மிடம் மிஞ்சுவது வெறும் முகவரியாக இருக்கலாம். பட்டியலில் ஒன்றை வைக்கும் செயற்கூறோ நம் உரிமையை வாங்கிக்கொள்ளும். கையேடு அதைத் 'திருடுதல்' என்றே சொல்கிறது. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை.

அப்பா போன மறுவருடம் அக்காவும் நானும் ஒரே நாளில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டோம். "இது எப்பவும் உங்க வீடுதானே" என்றான் அண்ணன். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்குண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் திருத்தியதைக் கூட்டங்களில் பேசுகிறவள் நான். சார்பதிவாளர் கேட்டபோது, சம்மதம்தான் என்று நானே வாயால் சொன்னேன். போன தை மாதம் வீட்டை விற்றுவிட்டான். அம்மாவின் தையல் மிஷின் எங்கே போனதென்று இன்றுவரை தெரியவில்லை.

2024-இல் வந்த 3.13 பதிப்பில், சொந்தமாகவே எடுத்துத் தரும் புதுச் செயற்கூறு ஒன்றைச் சேர்த்திருக்கிறார்களாம்.

"அப்போ பழசை எடுத்துட்டாங்களா?"

"இல்ல சித்தி, அதுவும் இருக்கு. அதை நம்பி எவ்வளவோ நிரல் ஓடிக்கிட்டிருக்கே."

இரவு பாத்திரம் துலக்கும்போது, தன் அம்மாவும் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாளா என்று கேட்டாள். சொன்னேன். நகல் எங்கே என்றாள். அதுவும் அண்ணனிடம்தான் இருக்கிறது.