இருபது மணித்தியாலக் கணக்கு

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்படும் உதைபந்தாட்டம் நாம் அறிந்த உதைபந்தாட்டமன்று. பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியினர் மீது உடலால் மோதி முன்னேறும் ஆட்டம் அது. 1955ஆம் ஆண்டு, கொலறாடோ மாநிலத்தின் சிறு கல்லூரியொன்றுக்காக ஆடிய றேய் டெனிசன் என்பார் தலையில் அடிபட்டு இறந்தார். மூன்று பிள்ளைகளின் தந்தை அவர். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் அவர் மனைவி உதவி கோரினார். கல்லூரி உதைபந்தாட்டத்தை வியாபாரமாக நடத்தவில்லை என்று கூறி, 1957இல் அம்மாநில உயர் நீதிமன்றம் கோரிக்கையை மறுத்தது. இத்தனைக்கும், டென்வர் பல்கலைக்கழகத்தில் ரெனிஸ் மைதானங்களைப் பராமரிக்கும் வேலை பார்த்துக்கொண்டே ஆடி, முதுகில் காயமுற்ற நெமெத் என்பவரைத் தொழிலாளி என 1953இல் ஏற்றதும் அதே நீதிமன்றமே.

'மாணவ விளையாட்டு வீரர்' என்ற தொடர் பரவியது இக்காலத்தில்தான். நம் காதுக்கு அது புகழுரையாகவே ஒலிக்கும். ஆனால், ஆட்டக்காரர் ஊழியராகக் கணிக்கப்பட்டுவிடுவர் என்ற அச்சமே அத்தொடரைத் தோற்றுவித்தது என்பதைக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தை நெடுங்காலம் நிருவகித்த வோல்ரர் பையர்ஸ் 1995இல் வெளியிட்ட நூலில் ஒப்புக்கொண்டார்.

1991இலிருந்து அச்சங்கம் பயிற்சியை வாரத்துக்கு 20 மணித்தியாலமாக மட்டுப்படுத்தியது. போட்டி நடைபெறும் நாள் முழுவதும் அக்கணக்கில் மூன்று மணித்தியாலமே. பிரயாணம் கணக்கிலேயே இல்லை! நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வீரர்கள் தொழிற்சங்கம் அமைக்க முனைந்தபோது, பருவகாலத்தில் அவர்கள் வாரம் 40 முதல் 50 மணித்தியாலம் உழைப்பதைத் தொழிலுறவு அதிகாரியொருவர் 2014இல் கண்டறிந்தார். மேற்சபை மறுவருடம் அவ்வழக்கை ஏற்க மறுத்துவிட்டது. 2025 யூலை முதல் கல்லூரிகள் வீரருக்கு நேரடியாகவே பணம் வழங்கலாம் என்றாயிற்று. டெனிசன் மறைந்து எழுபது ஆண்டுகளின் பின்னர்.

இவற்றையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணமானவர் எமது பீடத்து நண்பர் ஒருவர். என்னிலும் மூத்தவர், மணமானவர், ஒன்றரை வயதுப் பெண்குழந்தை உண்டு. மாலையில் பல்கலைக்கழக அணியின் உதைபந்துப் பயிற்சி. அது முடிய, சேறு படிந்த காலைக் குழாயடியில் கழுவிக்கொண்டு, தனியார் கல்வி நிலையத்தில் க.பொ.த. சாதாரண தர வகுப்புக்கு ஓடுவார். ஆட்டத்துக்காக அவருக்கு எவரும் ஒரு சதமும் கொடுப்பதில்லை. வர்ண விருது விழாவில் அவரை மேடைக்கு அழைத்தவர், படிப்பு, விளையாட்டு, தொழில், குடும்பம் ஆகிய நான்கையும் சமநிலையிற் பேணுபவர் என வியந்து பாராட்டினார். கைதட்டல் ஓயச் சற்று நேரமெடுத்தது. அந்தச் சமநிலையிற் பெரும்பங்கு பார்வையாளர் வரிசையில், குழந்தையை மடியில் உறங்கவைத்தபடி இருந்தது. தாதியர் பயிற்சிக்குக் கிடைத்த அழைப்பை மறுவருடத்துக்கு ஒத்திப்போட முயன்று, இடத்தையே இழந்தவர் அவர் மனைவி. இது பாராட்டுரையில் இடம்பெறவில்லை. இடம்பெற வேண்டுமென எவரும் எதிர்பார்க்கவுமில்லை.

விழா முடிந்து வெளியே வருகையில், "அக்கா, உங்களுக்கும் ஒரு கேடயம் தந்திருக்க வேணும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "கேடயம் கிடக்கட்டும் தம்பி. இவர் காலை முறிச்சுக்கொண்டு வந்தால் ரியூசன் காசு ஆர் தாறது? அதை ஒருக்கா உங்கட ஆக்களிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ" என்றார்.

உடற்கல்வி அலகில் விசாரித்தேன். மருத்துவச் செலவுக்கு விண்ணப்பப் படிவம் இருந்தது. அதனைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, இழந்த வருமானம் எழுதுவதற்குரிய நிரலை அவர் இருபுறமும் திருப்பித் தேடினார்.