சமையல் மேடைக்கு ஒரு விட்டம்



சமையலறையைச் சீரமைக்கத் தொடங்கியபோது, மேடையின் ஒரு பகுதி மரத்தால் அமைய வேண்டும் என்று என் மனைவி விரும்பினார். நாளும் அங்கே நிற்பவர் அவர்; ஆகவே முடிவும் அவருடையதாகவே இருந்தது. சூடான சட்டி மரத்தைக் கருக்கிவிடும். தேங்கும் நீர் அதனை ஊதச்செய்து இணைப்புகளைப் பிரித்துவிடும். எனவே அடுப்படியிலும் பாத்திரம் கழுவும் தொட்டியருகிலும் கருங்கல் என்றும், மாவு பிசையவும் காய் நறுக்கவும் இடையில் ஏழரை அடிக்கு மரம் என்றும் தீர்மானித்தோம்.

எந்த மரம்? இறைச்சிக் கடைகளில் வெட்டுக்கட்டையாக இருப்பது புளி. வெட்டைத் தாங்குவதில் அது சிறந்தது. தேக்கிலோ இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஈரத்தையும் கரையானையும் எதிர்த்து நிற்கும். ஆனால் புதுத் தேக்கின் விலை மதரஸா ஆசிரியரின் ஊதியத்திற்கு எட்டுவதாயில்லை.

மர்ஹூம் வாப்பா அவர்களின் பழைய வீட்டை இடித்தபோது எடுத்துவைத்த தேக்கு விட்டம் ஒன்று இருந்தது. நீளம் 15 அடி, அகலம் 6 அங்குலம், கனம் 4 அங்குலம். அதை நீளத்தில் இரண்டாக அறுத்து, ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளந்தால் 4 பலகைகள். அவற்றைப் பக்கவாட்டில் இணைத்தால் ஏறக்குறைய 2 அடி அகலத்தில் மேடை அமைந்துவிடும் என்றார் தச்சர்.

மனை முன்னரே பங்கிடப்பட்டிருந்தது. இடித்த மரங்கள் மட்டும் பொதுவில் கிடந்தன. “சும்மா கிடக்கிற மரம்தானே, எடுத்துக்கோங்க காக்கா” என்றான் தம்பி. “எனக்கு எதுக்கு அதெல்லாம்?” என்றாள் தங்கை.

பெற்றோர் விட்டுச்சென்றதில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பங்குண்டு என்று சூரத்துன்னிஸாவின் 7ஆம் வசனத்தில் கூறும் அல்லாஹ், அது குறைவாயினும் அதிகமாயினும் சரியே என்று தெளிவுபடுத்துகிறான். நிலத்தையும் நகையையும் பங்கிடும் நாம், அந்தக் ‘குறைவு’ என்ற இடத்தில்தான் அசட்டையாக இருந்துவிடுகிறோம். தாய்வீட்டு உறவு அறுந்துவிடுமோ என்னும் அச்சத்தால் நம் பெண்கள் சொல்லும் ‘வேண்டாம்’ மனப்பூர்வமான சம்மதம் ஆகாது. பங்கை முதலில் கையில் கொடுக்க வேண்டும். அதன் பின்னர் அவர்களாக விரும்பித் தந்தால் அது அன்பளிப்பு.

எனக்கு வேலை செய்யும் தச்சரிடம் விலை கேட்பது முறையன்று என்பதால், வேறொரு மர வியாபாரியை அழைத்து மதிப்பிட்டோம். இரண்டரை கன அடி. கன அடி 3,000 ரூபாய் வீதம் 7,500 ரூபாய். கடன், வஸிய்யத் எதுவும் நிலுவையில் இல்லை. உம்மா முன்னரே வஃபாத்தாகிவிட்டதால் வாரிசுகள் நாங்கள் மூவரே. ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என ஐந்து பங்குகள். தம்பிக்கு 3,000 ரூபாய் அனுப்பினேன். 1,500 ரூபாயுடன் தங்கையின் வீட்டிற்கு நேரில் சென்றேன்.

‘எனக்கு எதுக்கு’ என்றவள், கையில் கொடுத்தபோது மறுக்கவில்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டியிருந்ததாகச் சற்று நேரம் கழித்துச் சொன்னாள்.

மேடை இப்போது பயன்பாட்டில் உள்ளது. தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகாது என்பதால் ஆளிவிதை எண்ணெய் பூசினோம். ஈர இரும்புச் சட்டியை மரத்தின்மேல் வைத்தால் கருங்கறை படியும் என்பதால் அதை மட்டும் கல்லின்மேல் வைக்கிறோம்.

வீடு புதுப்பிக்கும் சகோதரர்களே! பழைய கதவையோ நிலையையோ விட்டத்தையோ எடுக்குமுன், அதில் யார் யாருக்குப் பங்குண்டு என்று எண்ணிப் பாருங்கள். வல்ல அல்லாஹ் நம் இல்லங்களின் உணவை ஹலாலாக்குவதுடன், அது சமைக்கப்படும் இடத்தையும் பிறர் உரிமை கலவாததாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.