சங்கிலி இல்லாத சில்லு

அறுகம்பேயில், எங்கட உல்லைப் பக்கம், ஒரு பைக் காத்துப் போய் நின்றால் நாங்கள் வேறு ஆளைக் கூப்பிடுவதில்லை. பின் சில்லைக் கழற்றி, ரியூப்புக்கு ஒட்டுப் போட்டு அனுப்பிவிடுவோம். அந்தத் தலைக்கனத்தோடுதான் கொழும்பிலிருந்து வந்த ஒருவரின் பழைய பி.எம்.டபிள்யூவிலும் கை வைத்தோம். மறுநாள் அவர் பாணமை தாண்டிக் குமனைக்குப் போக இருந்தார். வழிகாட்ட நாங்களும் போவதாகப் பேச்சு. கூலியும் பேசியாயிற்று.

"சங்கிலி எங்கடா மச்சான்?"

சங்கிலியே இல்லை. என்ஜினிலிருந்து ஒரு தண்டு குழாய்க்குள்ளே சுழன்று வந்து, பின்னால் இருக்கிற கியர்ப் பெட்டி வழியாகச் சில்லைச் சுற்றுகிறது. 1923இல் வந்த ஆர் 32 பைக்கிலேயே பி.எம்.டபிள்யூ இப்படிச் செய்துவிட்டது. உப்புக்காத்தில் சங்கிலி துருப்பிடிக்கிற எங்கட ஊருக்கு இதைவிட என்ன வேணும் என்று நினைத்தோம்.

எக்ஸல் நட்டைக் கழற்றினோம். மற்றப் பக்கம் எக்ஸலை இறுக்கிப் பிடிக்கிற சின்ன போல்ட்டையும் தளர்த்தினோம். எக்ஸல் வந்தது. சில்லு வரவில்லை. பழக்கத்தில் பின்னுக்கு இழுத்தோம். அசையவில்லை. சுத்தியலை எடுத்தபோதுதான் த்ரீவீல் திருத்துற காக்கா வந்தார்.

"டேய், அடிக்காதீங்க. த்ரீவீல்ல மட்டும் சங்கிலியா இரிக்கி? பல்லுக்குள்ள பல்லு கோத்து நிக்கிது. பின்னுக்கு இழுத்தா வருமா? இடப்பக்கம் தள்ளுங்க."

தள்ளினோம். கழன்றது.

உள்ளே பார்த்த காக்கா பேசாமல் நின்றார். பற்கள் காய்ந்து கிடந்தன. செந்தூள் படிந்திருந்தது. முனைகள் தேய்ந்து கூராகிவிட்டன.

"கிறீஸ் கண்டு கனகாலம். இன்னும் ஓடும். எவ்வளவு தூரம் என்டுதான் சொல்லேலா."

சங்கிலி தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், சத்தமும் போடும். இது மறைவில் தேயும். பல் முழுசாகப் போனால் என்ஜின் மட்டும் உறுமும், சில்லு சுற்றாது. யானை திரிகிற குமனைப் பாதையில் அப்படி நின்றால்?

கிறீஸைப் பூசி மூடினால் அவருக்குத் தெரியப்போவதில்லை. கூலியும் கிடைக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு அவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "நல்லது" என்றார்.

பற்களைப் பெற்றோலால் கழுவி, காக்காவிடம் இருந்த மொலிப்டினம் கிறீஸை மெல்லிசாகப் பூசினோம். ஒட்டுப் போட்டுக் காத்தடித்த டயர் இடுக்கில் நுழையவில்லை. காத்தை இறக்கி, கியரில் போட்டு, சில்லை மெல்லத் திருப்பினோம். பல் கோத்தது. எல்லாம் இறுக்கிய பிறகு மறுபடி காத்தடித்தோம்.

மறுநாள் பைக் லொறியில் கொழும்புக்குப் போனது. எங்களுக்குக் கிடைத்தது பஞ்சர் காசு மட்டும்.

உங்கட சொந்தக்காரர் யாரிடமாவது தண்டு வைத்த பைக் இருந்தால், டயர் மாற்றும்போதெல்லாம் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். நாங்கள் இப்போது எந்தச் சில்லைக் கழற்றினாலும், ஒட்டுப் போட முதல் உள்ளே ஒருக்கா பார்க்கிறோம்.