தூர் வாரிய கார்

தமிழ் பயில்வான் ஒருவனுக்கு மோட்டார் வண்டியோடு யாது தொடர்பு என்று விடுதி நண்பர் சிலர் நகைப்பதுண்டு. தொடர்பு வயிற்றுப்பாட்டால் வந்ததன்று. என் அப்பாயியால் வந்தது. எங்கள் ஊர் பாபநாசத்தை அடுத்தது. சிறுநீரகம் தளர்ந்த அப்பாயி, வாரம் இருமுறை, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தஞ்சைக்கு இரத்தச் சுத்திகரிப்பின் பொருட்டுச் செல்ல வேண்டியவர். பேருந்தில் நின்று செல்லும் வலிமை அவர்க்கில்லை. சென்ற சித்திரையில் எங்கள் பழைய கார் கொதிக்கத் தொடங்கிற்று, ஏ.சி.யும் அனற்காற்றையே வீசிற்று. பழுது பார்ப்போர் ரேடியேட்டர், கண்டென்சர் இரண்டையும் மாற்ற 19,000 ரூபாய் கேட்டனர். அத்தொகை எங்களிடம் இல்லை. வண்டியை விற்றுவிடலாமென்று அம்மா கூறினார். ஆதலின் விடுமுறையில் யானே ஸ்குரூ டிரைவரைக் கையிலெடுத்தேன். அதற்குமுன் யான் அதனைப் பிடித்தது மிதிவண்டிக்கு மணி பூட்டிய அன்றேயாம்.

முதலில் அதன் இயல்பை அறியப் புகுந்தேன். எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு கூறு புகையோடு போகின்றது; பிறிதொரு கூற்றை நீர் சுமந்து வெளியேற்றல் வேண்டும். காவிரி நாட்டார்க்கு இதனை விளக்குதல் எளிது. எஞ்சினை அடுத்துத் தெர்மோஸ்டாட் என்றொரு சிறு மதகு உண்டு. அதனுள் இருப்பது மெழுகு. நீர் 80 பாகைக்கு மேற் காய்ந்ததும் மெழுகு விரிந்து மதகைத் திறக்கும். கல்லணையிற் பிரியும் ஆறுபோல நீர் ரேடியேட்டரின் நுண்குழாய்களிற் பிரிந்தோடி, எதிர்க்காற்றிலே தன் வெப்பத்தை இழந்து மீளும். ஹீட்டர் என்பதும் அந்நீரின் ஒரு கிளை வாய்க்காலே. தஞ்சையில் ஹீட்டர் எதற்கென்பீர். வண்டி கொதிக்குங்கால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுதும் திறந்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டால், எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பகுதி நம்மீது பாய்ந்து எஞ்சினைக் காக்கும். சித்திரை வெயிலில் இவ்வாறு இருமுறை வீடு சேர்ந்தோம். அப்பாயி ஈரத்துணியைத் தலையிலிட்டு, வாய் பேசாது வந்தார். அதன்பின் எனக்கு உறக்கம் கொள்ளவில்லை.

வண்டியின் நடத்தையை நோக்கினேன். நெடுஞ்சாலையில் விரைந்தால் வெப்பமுள் நடுவே நிற்கும். அய்யம்பேட்டைக் கடைத்தெருவில் ஊர்ந்தால் மேலேறும். விரைவில் நலமாயின் நீரோட்டத்திற் குறையில்லை, காற்றோட்டத்திலேயே குறை. விசிறியோ நன்கு சுழன்றது. அண்டை வீட்டில் டிராக்டர் ஓட்டும் மாமா ஒருவர், “தம்பி, நெல் காயுற ரோட்டிலேதானே தெனம் போறீங்க? முன்னாலே பாத்தா தெரியாது, ரெண்டுக்கும் நடுவிலே டார்ச் அடிச்சுப் பாரு” என்றார். கண்டென்சர் முன்னும் ரேடியேட்டர் பின்னுமாக நிற்க, அவற்றிடையே விரலிடை அகலமேயுண்டு. அங்கே சம்பா அறுவடையின் பதரும் வைக்கோல் தூசும் பாய் முடைந்தாற்போற் படிந்திருந்தன! ஆகாயத் தாமரை அடைத்த வாய்க்கால் என் நினைவுக்கு வந்தது. மேட்டூர் திறக்குமுன் தூர் வாராத வாய்க்காலில் நீர் ஏறுமோ?

நீரை மெல்லென, எஞ்சின் பக்கத்தினின்று முன்புறமாகப் பாய்ச்சுதல் வேண்டும். வந்த வழியே அழுக்கு வெளியேறும். விசைநீர் பாய்ச்சின் மெல்லிய தகடுகள் மடங்கிப்போம். பழைய பல் துலக்கி கொண்டு இரண்டு நாள் தேய்த்தேன். உள்ளிருந்த நீரும் துருநிறமாய் இருந்தது. முன்னர் யாரோ கிணற்றுநீரை ஊற்றியதன் விளைவு. வண்டி முற்றும் ஆறிய பின்னரே மூடியைத் திறந்தேன். அழுத்தத்திலிருக்கும் நீர் 100 பாகைக்கு மேலும் கொதியாது கிடந்து, மூடி திறந்த கணத்தில் ஆவியாய்ச் சீறும். காய்ச்சி வடித்த நீரால் பன்முறை கழுவி, அந்நீரும் கூலண்டும் செம்பாதியாக நிரப்பினேன். வடித்த பழைய நீரை மூடிய கலத்தில் வைத்தேன். கூலண்டிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புடைய நஞ்சு. நாயும் கன்றும் நக்கின் உயிர் போம்.

அப்பாயியின் காலடியில் நீர் சொட்டியதும் ஒரு கவலை. தொட்டு முகர்ந்தேன், இனிய மணமும் பிசுக்கும் இருப்பின் ஹீட்டர் கசிகின்றதென்று பொருள். அஃது வெறும் நீர். ஏ.சி.யில் குளிர்ந்த காற்று விட்ட ஈரம், வடிகுழாய் அடைபட்டமையால் உள்ளே வழிந்தது. மெல்லிய ஞெகிழிக் குழலொன்றால் அதனையும் திறந்தேன்.

குளிர்வாயுவை யான் தொடவில்லை. மண்பானையிற் கசியும் நீர் ஆவியாகுங்கால் வெப்பத்தைக் கவர்வதுபோல, ஆர்-134ஏ என்னும் அப்பொருள் பூச்சியத்துக்குக் கீழ் 26 பாகையிலேயே கொதித்து வெப்பத்தைக் கவர்கின்றது. ஓசோனைச் சிதைத்த பழைய ஆர்-12, 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையால் விலக்கப்பட்டது. இதுவோ ஓசோனுக்குத் தீங்கின்றேனும், கரியமில வாயுவினும் ஆயிரம் மடங்குக்கு மேல் உலகை வெப்புறுத்துவது. காற்றில் விடலாகாது. தஞ்சையில் பயிற்சியுடையார் ஒருவர் அளவி பொருத்திப் பார்த்து, வாயு குறையவில்லை, அடைப்பே நோய் என்றார். செலவு 1,400 ரூபாய்க்குள் அடங்கிற்று. வண்டி விற்கப்படவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் முன்கண்ணாடியில் உட்புறம் ஈரம் படர்ந்து வழி மறைந்தது. ஏ.சி.யையும் ஹீட்டரையும் ஒருங்கே இயக்கினேன். முன்னது காற்றின் ஈரத்தைப் போக்க, பின்னது அதனை வெதுப்ப, நொடிப்பொழுதில் கண்ணாடி தெளிந்தது. “சூடும் குளிரும் ஒண்ணாப் போடுறியே, பெட்ரோல் வீணாகாதா?” என்றார் அப்பாயி. “சூடு எஞ்சின் சும்மா தருது அப்பாயி, குளிருக்குத்தான் காசு” என்றேன்.